ஜெர்மனியில் ஈப்ளான் வேலை: டெர்மினல் சிம்பலை நம் தேவைக்கு மாற்றுவது எப்படி?

கேள்வி

வணக்கம். ஆட்டோகேட் எலக்ட்ரிக்கல் நன்றாகத் தெரியும், ஈப்ளான் புதிது (இரண்டும் மின்சுற்று வரையும் மென்பொருள்கள்). கன்ட்ரோல் பேனல் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரமே மூன்றடுக்கு டெர்மினலுக்கும் (டெர்மினல் என்பது வயர்களை இணைக்கும் கட்டை) பிஈ, அதாவது பாதுகாப்பு எர்த், டெர்மினலுக்கும் கம்பெனி பாணியில் சிம்பல் (வரைபடக் குறி) செய்யச் சொல்கிறார்கள். லைப்ரரியில் டெர்மினலுக்கு இருக்கும் வட்டச் சிம்பலைத் திறந்து மாற்றினால் போதுமா? மெனுவும் ஜெர்மனில்தான் இருக்கிறது.

முதல் பதில்

அந்த வட்டத்தைத் திறக்க வேண்டாம். ஐஇசி_சிம்பல் லைப்ரரி ஈப்ளானோடு வருவது. அதில் கைவைத்தால் அடுத்த அப்டேட்டில் உங்கள் வேலை அழிந்துபோகலாம். அதே பெயரில் வேறு உருவம் இருக்கும் லைப்ரரியை வாடிக்கையாளர் வைத்திருந்தால் இரண்டு பக்கமும் குழப்பம். கம்பெனி பெயரில் தனி லைப்ரரி தொடங்குங்கள். 2.9 பதிப்பு வரை யுடிலிட்டீஸ், மாஸ்டர் டேட்டா, சிம்பல் லைப்ரரி, நியூ என்று போக வேண்டும். 2022 பதிப்பு முதல் மாஸ்டர் டேட்டாவுக்கு (சிம்பல், ஃபார்ம் போன்ற பொது அடிப்படைக் கோப்புகள்) மேலே தனித் தாவலே உண்டு. பிறகு ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் மேனேஜ்மென்ட் பகுதியில் சிம்பல் லைப்ரரி பட்டியலில் அதைச் சேருங்கள். சேர்க்காவிட்டால் சிம்பல் செருகும் ஜன்னலில் அது வராது.

இடைமுக மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனாலும் சில ஜெர்மன் சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள், பக்கத்து மேசைக்காரர் அவற்றைத்தான் சொல்வார்: க்ளெம்மெ என்றால் டெர்மினல், க்ளெம்மன்லைஸ்டெ டெர்மினல் ஸ்ட்ரிப், அன்ஷ்லுஸ் கனெக்ஷன் பாயின்ட் (வயர் சேரும் புள்ளி), ஸாட்டல்ப்ரூக்கெ சாடில் ஜம்பர் (டெர்மினல்களை ஒன்றோடொன்று இணைக்கும் பாலம்), ஷ்டாம்டாட்டன் மாஸ்டர் டேட்டா.

இனிச் சிம்பலுக்கு வருவோம். ஆட்டோகேடிலிருந்து வருபவர்கள் முதலில் கோடு வரைவதில் இறங்குகிறார்கள். ஈப்ளானில் உருவம் கடைசி வேலை. புதிய சிம்பல் உருவாக்கும்போதே ஃபங்ஷன் டெஃபினிஷனை, அதாவது அது எந்த வகைச் சாதனம் என்பதை, கேட்கும். சாதாரண டெர்மினலா, பிஈ டெர்மினலா, இரண்டு கனெக்ஷனா நான்கா, சாடில் ஜம்பர் உண்டா என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. டெர்மினல் டயக்ராம், ஜம்பர், உள்பக்கம் வெளிப்பக்கம் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன. படம் அழகாக இருந்து டெஃபினிஷன் தவறாக இருந்தால், டிராயிங் சரியாகத் தெரியும், ஆனால் வயரிங் செய்பவர் கையில் போகும் பட்டியல் தப்பாக இருக்கும். அதனால் நாளெடுத்து யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

பிஈ டெர்மினலுக்குச் சாதாரண டெர்மினலை வைத்துப் பச்சை நிறம் பூசும் பழக்கம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். மென்பொருளுக்கு அது பிஈ என்றே தெரியாது. பார்ட்டும் (வாங்க வேண்டிய பொருள்) தவறாகத் தேர்வாகலாம். வாகோ நிறுவனத்தின் டெர்மினல்களில் 2002-1201 சாதாரண 2.5 சதுர மி.மீ. சாம்பல் டெர்மினல், 2002-1204 நீலம், 2002-1207 பச்சை-மஞ்சள் பிஈ. பிஈ டெர்மினலின் கால் 35 மி.மீ. ரெயிலை உலோகத்தோடு தொடும். சாம்பல் டெர்மினல் தொடாது. நிறத்தை நம்பிப் பட்டியல் போட்டால் எர்த் இணைப்பே இல்லாமல் போகும்.

அடுத்து கனெக்ஷன் பாயின்ட்கள். எண்ணிக்கையும் வரிசையும் டெஃபினிஷனோடு பொருந்த வேண்டும்; திசை சிம்பலுக்கு வெளியே பார்க்க வேண்டும். ஐஇசி (சர்வதேச மின் தரம்) பக்கங்களில் வழக்கமான கிரிட், அதாவது புள்ளிக் கட்ட இடைவெளி, 4 மி.மீ. (கிரிட் சி). புள்ளியை அதற்கு வெளியே வைத்தால் தானாகக் கோடு சேராது. அரை மி.மீ. தள்ளினாலும் கண்ணுக்குத் தெரியாது, இணைப்பு மட்டும் வராது. இதைக் கண்டுபிடிக்க மணிக்கணக்கில் ஆகும்.

ஒவ்வொரு சிம்பலுக்கும் ஏ முதல் எச் வரை எட்டு வேரியன்ட் (ஒரே சிம்பலின் வேறு திசை வடிவங்கள்). ஏவை மட்டும் வரைந்து, மற்றவற்றைக் காப்பி வேரியன்ட்டில் 90, 180, 270 டிகிரி திருப்பியும் கண்ணாடிப் பிம்பமாக்கியும் எடுங்கள். 180 டிகிரி திருப்பியதில் டெர்மினலின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் இடம் மாறும். பேனல் வயரிங் ஒரு பக்கம், வெளியிலிருந்து வரும் கேபிள் மறுபக்கம் என்று டெர்மினல் டயக்ராம் பிரிப்பது இதை வைத்துத்தான். எல்லாம் தலைகீழாக வந்தால் முதலில் வேரியன்ட்டைப் பாருங்கள்.

மூன்றடுக்கு டெர்மினலுக்கு ஒரே பெரிய சிம்பல் வரையாதீர்கள். ஒரு அடுக்குக்கு ஒரு சிம்பல், ஆக மூன்று. ஒவ்வொன்றிலும் லெவல் என்ற பண்பில் 1, 2, 3 கொடுத்து, டெர்மினல் ஸ்ட்ரிப் எடிட் ஜன்னலில் ஒரே மல்டி-லெவல் டெர்மினலாக இணையுங்கள். மெயின் டெர்மினல் குறி ஒன்றில் மட்டும் இருக்கட்டும், பார்ட் நம்பரும் அதில் மட்டும். மூன்றிலும் போட்டால் 10 டெர்மினல் வாங்க வேண்டிய இடத்தில் பட்டியல் 30 காட்டும்.

இரண்டாவது கேள்வி

சிம்பலை மாற்றி லைப்ரரியில் சேமித்தாயிற்று. ப்ராஜெக்ட்டில் பழைய உருவமே நிற்கிறதே?

பதில்

அப்படித்தான் நிற்கும். ப்ராஜெக்ட் தனக்கென்று மாஸ்டர் டேட்டாவின் நகலை வைத்துக்கொள்கிறது. இது நல்ல ஏற்பாடு. மூன்று வருடத்துக்கு முன் ஒப்படைத்த டிராயிங் திடீரென்று உருவம் மாறக் கூடாது. மாஸ்டர் டேட்டாவில் சின்க்ரொனைஸ் என்ற கட்டளையில் இடப்பக்கம் ப்ராஜெக்ட், வலப்பக்கம் சிஸ்டம் தெரியும். மாறிய லைப்ரரியை மட்டும் தேர்ந்து சிஸ்டத்திலிருந்து ப்ராஜெக்ட்டுக்குக் கொண்டு வாருங்கள். மொத்தமாக அப்டேட் கொடுத்தால் ஃபார்ம் (அறிக்கைப் பக்கத்தின் மாதிரி), பிளாட் ஃப்ரேம் (பக்கச் சட்டகம்) எல்லாம் சேர்ந்து மாறிவிடும். ஓடும் ப்ராஜெக்ட்டில் அதைச் செய்யும் முன் பேக்கப் எடுங்கள்.

இன்னொன்று. க்ளெம்மன்பிளான் (டெர்மினல் டயக்ராம்) பக்கத்தில் தெரியும் கட்டங்களும் வட்டங்களும் சிம்பலிலிருந்து வருவதில்லை, எஃப்13 ஃபார்மிலிருந்து வருகின்றன. மேலாளர் "டெர்மினல் படத்தை மாற்று" என்றால், சர்க்யூட் பக்கத்தையா டெர்மினல் டயக்ராமையா சொல்கிறார் என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இரண்டும் வேறு வேறு வேலை.

மூன்றாவது பதில் (கனடா, அமெரிக்கா போகிறவர்களுக்கு)

அங்கே இன்னும் பல இடங்களில் ஆட்டோகேட் எலக்ட்ரிக்கல்தான். அதில் சிம்பல் ஒரு சாதாரண பிளாக் கோப்பு. கோப்பின் பெயரே விதி. படுக்கை வயருக்கான டெர்மினல் எச்டி என்றும், செங்குத்து வயருக்கானது விடி என்றும் தொடங்க வேண்டும். ஸ்ட்ரிப்பின் பெயரைத் தாங்கும் டேக்ஸ்ட்ரிப் என்ற அட்ரிபியூட் (பிளாக்கில் தகவல் வைக்கும் புலம்) இல்லையென்றால் ஸ்ட்ரிப் பட்டியலில் அது வராது. வயர் தொடும் இடத்துக்கான அட்ரிபியூட் பெயரில் இருக்கும் எண் திசையைச் சொல்கிறது: 1 வலம், 2 மேல், 4 இடம், 8 கீழ். இதை மாற்றிப் போட்டால் வயர் சேராது. சிம்பல் பில்டரில் செய்து தனி ஃபோல்டரில் வையுங்கள். ப்ராஜெக்ட் பண்புகளில் அந்த ஃபோல்டரை லைப்ரரிப் பாதைகளின் உச்சியில் ஏற்றுங்கள், தேடல் மேலிருந்துதான் நடக்கும். ஏற்கெனவே போட்ட டிராயிங்குகளில் சிம்பலை மாற்ற ஸ்வாப்/அப்டேட் பிளாக் கட்டளை.

நிறத்திலும் கவனம். அமெரிக்க என்எஃப்பிஏ 79 தரத்தில் நியூட்ரல் வெள்ளை அல்லது சாம்பல், ஐரோப்பாவில் நீலம். ஜெர்மனியில் செய்த நீல நியூட்ரல் டெர்மினல் சிம்பலை அமெரிக்க ப்ராஜெக்ட்டுக்கு அப்படியே எடுத்துப் போகாதீர்கள்.