இலை கரைந்தால் செடியைப் பிடுங்காதீர்கள்: மீன்தொட்டிச் செடி அனுபவங்கள்

கிரிப்டோகரைன் என்ற மீன்தொட்டிச் செடியை நட்ட ஒரு வாரத்தில் இலை கண்ணாடி போல வெளிறி, காம்பு கொழகொழவென்று சரிந்துவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிபவர்களே அதிகம். தயவுசெய்து பிடுங்காதீர்கள். பண்ணையில் இந்தச் செடிகளைப் பெரும்பாலும் வேர் ஈரத்திலும் இலை காற்றிலும் இருக்கும்படி வளர்க்கிறார்கள். காற்றில் வளர்ந்த இலை தடிப்பாக, மேலே மெழுகுத்தோலோடு இருக்கும். தண்ணீருக்குள் அதனால் கார்பன் டை ஆக்சைடைச் சரியாக உறிஞ்ச முடியாது. அதனால் செடியே பழைய இலையைக் கழற்றிவிட்டு மெல்லிய புது இலை விடுகிறது. வேரும் இலையும் சேரும் இடத்தை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் குருத்து தெரியும். கரைந்த இலைகளை மட்டும் அடியோடு கத்தரித்து எடுத்துவிடுங்கள். உள்ளேயே அழுகினால் அம்மோனியா ஏறும். நடுவில் இடம் மாற்றி நட்டால் மறுபடி முதலிலிருந்து கரையத் தொடங்கும்.

நடும்போது கவனிக்க வேண்டியது: சிறு பிளாஸ்டிக் சட்டியோடு வரும் செடியின் வேரைச் சுற்றியிருக்கும் பஞ்சை இடுக்கியால் முழுக்க எடுத்துவிட வேண்டும். வேரை 2–3 செ.மீ. விட்டு வெட்டினால் இடுக்கியால் நட வசதி, புது வேரும் சீக்கிரம் பிடிக்கும். தண்டுச் செடி என்றால் கீழ்க் கணுக்கள் இரண்டு மூன்றில் இலையை உருவிவிட்டு, அந்தக் கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி சாய்வாகச் செருகுங்கள். 2–3 மி.மீ. சரளை, 5 செ.மீ. ஆழமாவது வேண்டும், அதற்குக் குறைந்தால் செடி மிதந்து வந்துவிடும்.

*

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டுக்கும் மேலே சொன்ன நடவு முறை பொருந்தாது. இவற்றின் வேர்த்தண்டு (இலையும் வேரும் கிளம்பும் தடித்த தண்டு) மண்ணுக்குள் போகவே கூடாது. புதைத்தால் மேலே இலை பச்சையாகவே இருக்கும், அடியில் தண்டு அழுகிக்கொண்டிருக்கும். ஒருநாள் இலையைத் தொட்டால் காம்போடு கையில் வரும். அழுகிய தண்டு மெத்தென்று இருக்கும், நாற்றம் அடிக்கும். கெட்டியான பகுதி வரும்வரை கூரான பிளேடால் வெட்டித் தள்ளினால் மிச்சம் பிழைக்கும்.

கல்லிலோ மரத்துண்டிலோ பருத்தி நூலால் கட்டலாம். ஜெல் வடிவ சயனோஅக்ரிலேட் பசை (சூப்பர் குளூ வகை) இன்னும் சுலபம்: தண்டைத் துணியால் ஒற்றி, கடுகளவு பசை வைத்து, 20 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளி வந்தால் பயப்பட வேண்டாம். அது வித்துப்பை, நோய் அல்ல.

*

வெளிச்சம்தான் ஆர்வத்தில் எல்லோரும் அதிகமாகக் கொடுத்துவிடுவது. முதல் மாதம் 6 மணி நேரம், பிறகு 8. கையால் போட்டு அணைக்காமல் டைமர் வையுங்கள். புதுத் தொட்டியில் கண்ணாடியிலும் இலையிலும் பழுப்புத் தூள் படிந்தால் அது டயட்டம் என்ற பாசி வகை. விரலால் துடைத்தால் போகும், சில வாரங்களில் தானே நின்றுவிடும்.

இலை ஓரத்தில் கறுப்பு முடி போல ஒட்டும் பாசி வேறு கதை. கார்பன் டை ஆக்சைடு அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும் தொட்டியில்தான் அது அதிகம் வருகிறது. ஃபில்டரை நிறுத்தி, 3% ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிரிஞ்சால் பாசியின் மேலேயே மெதுவாக விடுங்கள். 100 லிட்டருக்கு 25 மி.லி.யைத் தாண்ட வேண்டாம். 10 நிமிடத்தில் ஃபில்டரை மறுபடி ஓடவிடலாம். சில நாளில் பாசி சிவப்பாகும்; அப்படியானால் செத்துவிட்டது. மாஸ் செடிகள் மேல் விடாதீர்கள், கருகும்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருப்பவர்கள் விளக்கு எரிவதற்கு ஒன்று இரண்டு மணி நேரம் முன்பே கேஸைத் திறந்து, அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடலாம். டிராப் செக்கருக்குள் (கார்பன் டை ஆக்சைடு அளவை நிறத்தால் காட்டும் சிறு குமிழ்) தொட்டித் தண்ணீரை ஊற்றுவது அடிக்கடி நடக்கும் தவறு. 4 டிகிரி கார்பனேட் கடினத்தன்மை உள்ள கரைசலை ஊற்றினால்தான் பச்சை நிறம் ஏறக்குறைய 30 பிபிஎம் (லிட்டருக்கு 30 மில்லிகிராம்) கார்பன் டை ஆக்சைடு என்று பொருள்படும். நீலம் என்றால் போதவில்லை, மஞ்சள் என்றால் மிகை. நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும், ஆகவே அதை மட்டும் நம்பாமல் மீனைப் பாருங்கள். மேலே வந்து வாய் திறந்தால் உடனே கேஸை மூடி, ஏர் பம்பை ஓட்டுங்கள்.

*

உரம் பற்றி. எந்த இலையில் கோளாறு என்பதை முதலில் பாருங்கள். நைட்ரஜன், பொட்டாசியம் போன்றவற்றைச் செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்கு அனுப்பிவிடும். அதனால் அவை குறைந்தால் அடி இலை காட்டும்: முழுதும் மஞ்சளானால் நைட்ரஜன், குண்டூசி குத்தியதுபோல ஓட்டை விழுந்து ஓரம் மஞ்சளானால் பொட்டாசியம். இரும்பை அப்படி நகர்த்த முடியாது. அது குறைந்தால் புது இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும்.

100 லிட்டரில் நைட்ரேட்டை 10 பிபிஎம் உயர்த்த 1.6 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் போதும். தினம் நிறுப்பது சிரமம் என்றால் 32 கிராமை 500 மி.லி. கரைசலாக்கி வைத்து, 25 மி.லி. ஊற்றுங்கள், கணக்கு அதேதான். பாஸ்பேட்டையும் இரும்பு உள்ள நுண்சத்துக் கலவையையும் ஒரே புட்டியில் கலக்காதீர்கள், வீழ்படிவாகி இரண்டும் வீணாகும். ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் போடுங்கள். வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றினால் மிகையானது சேராது. குழாய்த் தண்ணீரானால் குளோரின் நீக்கி ஊற்றுங்கள்.

ஓட்டை விழுந்த இலை உரம் போட்டதும் மூடிக்கொள்ளாது. அதையே பார்த்து அளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். உரம் போட்ட பிறகு விரிந்த இலையில் ஒன்றை மனதில் குறித்து வைத்து, இரண்டு வாரம் கழித்து அந்த இலையில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.