ரெண்டு பேருக்கும் ஒத்துவர பீச் ஊரு எது? பிப்ரவரில அஞ்சு நாள், யோசனை சொல்லுங்க

மடிப்பாக்கம்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். பிப்ரவரி கடைசில எங்களுக்கு பத்தாவது கல்யாண நாள் வருது, பசங்கள அம்மா வீட்ல விட்டுட்டு நானும் வீட்டுக்காரரும் மட்டும் ஒரு அஞ்சு நாள் கடல் பக்கமா போலாம்னு இருக்கோம். இதுக்கு முன்னாடி போன ரெண்டு ட்ரிப்பும் பாதி நல்லா இருந்துச்சு, பாதி மனசே விட்டுப்போச்சு. அதான் இந்த தடவை காச கட்டறதுக்கு முன்னாடி, போயிட்டு வந்தவங்ககிட்ட கேட்டுடலாம்னு.

முதல் ட்ரிப் 2019 ஜூலை, தாய்லாந்துல ஃபுக்கெட். ஆஃபர்ல கெடைக்குதுன்னு ஏஜென்ட் சொன்ன ரிசார்ட்ட அப்படியே புக் பண்ணிட்டோம், பட்டாங் பீச்லேர்ந்து ரெண்டு தெரு தள்ளி. அஞ்சு நாளும் பீச்ல செவப்பு கொடி. ஆள் உயரத்துக்கு அலை வருது, எறங்குனா லைஃப்கார்டு விசில் ஊதுறாரு, கால் நனைச்சதோட சரி. ராத்திரியானா பாங்லா ரோட்டு பாட்டு சத்தம் ரூமுக்குள்ள வந்து விழுது, தூக்கமே இல்ல. ஆனா அவருக்கு அந்த ஊரு ரொம்ப புடிச்சிருந்துச்சு, நைட் மார்க்கெட், கூட்டம், தெருவுல சும்மா நடந்துக்கிட்டே இருக்கறது எல்லாம் அவருக்கு வேணும். எனக்கு ரெண்டாவது நாளே போதும்னு ஆயிடுச்சு. ஒரே ஒரு நாள் பாங் நா வளைகுடாவுக்கு போட்ல கூட்டிட்டு போனாங்க, தண்ணிலேர்ந்து நட்டு வெச்ச மாதிரி எழும்பி நிக்கிற சுண்ணாம்புப் பாறைங்க, அதுக்கு அடியில குகைக்குள்ள சின்ன படகுல மல்லாந்து படுத்துக்கிட்டே போனது, அது மட்டும் இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு.

ரெண்டாவது 2023 மார்ச், மாலத்தீவு. இது என்னோட ஆசை. ஃப்ளைட் போய் எறங்கும்போது இருட்டிடுச்சு, ரிசார்ட்டுக்கு கூட்டிட்டு போற சீப்ளேன் பகல்ல மட்டும்தான் பறக்கும்ங்கறதே அங்க போய்தான் தெரிஞ்சுது. ஒரு ராத்திரி ஏர்போர்ட் பக்கத்துல ஹுல்ஹுமாலேல ரூம் போட்டு தங்கினோம், ரிசார்ட்டுக்கு முன்னாடியே கட்டியிருந்த அந்த நாள் காசு போனது போனதுதான். ஆனா மறுநாள் காலைல ரூம் படிக்கட்டுல எறங்கி மூஞ்சிய தண்ணிக்குள்ள வெச்சேன் பாருங்க, கிளி மீன் கூட்டமா மேயுது, கொஞ்ச தூரத்துல ஒரு ஆமை பொறுமையா போகுது, எனக்கு அழுகையே வந்துடுச்சு. அவருக்குத்தான் மூணாவது நாளே பொழுது போகல. தீவ சுத்தி நடந்தா பத்து நிமிஷத்துல பொறப்பட்ட எடத்துக்கே வந்துடறோம். அவரு சைவம் வேற, பஃபேல அவருக்கு தினமும் அதே பாஸ்தாவும் பருப்பும்தான். மதிய சாப்பாடு பேக்கேஜ்ல கெடையாது, தண்ணி பாட்டில்லேர்ந்து எல்லாத்துக்கும் தனி பில். செக் அவுட்ல அந்த பில்ல பார்த்துட்டு ஏர்போர்ட் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கல.

இப்ப அந்தமான், தாய்லாந்துல கிராபி, இலங்கை மூணுல எதுன்னு தெரியல. எனக்கு அலையில்லாத தண்ணி, மீன் பாக்கணும். அவருக்கு சாயங்காலம் நடந்து போக ஒரு கடைத்தெரு, சைவ சாப்பாடு. ரெண்டும் ஒரே ஊர்ல கெடைக்குமா?

ஊர்சுத்தி_பெரம்பூர்:
சிஸ்டர், ஃபுக்கெட் மேல தப்பு இல்ல, நீங்க போன மாசம்தான் தப்பு. அந்தமான் கடல் பக்கம் இருக்கற தாய்லாந்து பூரா மே லேர்ந்து அக்டோபர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து, அதனாலதான் ஜூலைல ஆஃபர் போடறாங்க. அதே பட்டாங் பிப்ரவரில குளம் மாதிரி இருக்கும். செவப்பு கொடிய மதிச்சு எறங்காம இருந்தீங்களே, ரொம்ப நல்லது, அந்த சீசன்ல கரைலேர்ந்து உள்ள இழுக்கற நீரோட்டத்துல மாட்டி வருஷா வருஷம் ஆளுங்க போறாங்க. அப்படி மாட்டிக்கிட்டா கரைய பார்த்து எதிர்த்து நீந்தவே கூடாது, கரைக்கு பக்கவாட்டுல நீந்தி இழுப்ப விட்டு வெளிய வந்துட்டு அப்புறம்தான் கரைக்கு திரும்பணும். மெரினால எறங்கறவங்களுக்கும் இதேதான்.

என் ஓட்டு கிராபிக்கு. அங்க ஆவோ நாங் பீச் பக்கம் தங்குங்க, கடைத்தெரு, இந்தியன் ஹோட்டல் எல்லாம் அங்கயே இருக்கு, உங்க வீட்டுக்காரருக்கு சரியா வரும். ரைலே பீச்சுக்கு ரோடே கெடையாது, சுத்தி பாறை, ஆவோ நாங்லேர்ந்து நீளவால் படகுல கால் மணி நேரம். பகல்ல கூட்டம் அம்மும், சாயங்காலம் டே ட்ரிப் படகெல்லாம் கெளம்பிட்டா ஊரே அடங்கிடும், அதனால ஒரு ராத்திரி மட்டும் ரைலேலயே தங்குங்க. ஃபி ஃபி தீவு பக்கம் இருக்கற மாயா பே பீச்சுக்கு போனா குளிக்கலாம்னு நெனச்சு போகாதீங்க, பவளம் ரொம்ப கெட்டுப்போச்சுன்னு 2018ல மூடி 2022ல தொறந்தாங்க, இப்ப படகு பின்பக்கம்தான் நிக்கும், நடந்து வந்து பாத்துட்டு திரும்பணும். அதுவும் முதல் படகுல போனாத்தான் உண்டு.

அடையார்_டைவர்:
மீன் பாக்கணும்ங்கறவங்க அந்தமானத்தான் முதல்ல பாக்கணும், அதுவும் பிப்ரவரில. சென்னைலேர்ந்து நேரா ஃப்ளைட், ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, பாஸ்போர்ட் வேலையே இல்ல. போர்ட் பிளேர்ல (2024ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க) எறங்கி ஹேவ்லாக்குக்கு, அதாவது ஸ்வராஜ் தீவுக்கு, ஃபெர்ரில ஒன்றரை ரெண்டு மணி நேரம். இங்க நெறைய பேர் செய்யற தப்பு, ஃப்ளைட்ட போட்டுட்டு ஃபெர்ரிய அங்க போய் பாத்துக்கலாம்னு விட்டுடறாங்க, சீசன்ல சீட்டு இருக்காது. ராதாநகர் பீச் மணலும் சூரியன் மறையறதும் அவ்ளோ அழகு, ஆனா அங்க பவளம் கெடையாது, மீன் பாக்க எலிஃபென்ட் பீச் போகணும். அலை இல்லாத தண்ணி வேணும்னா நீல் தீவு, பரத்பூர் பீச். வத்தம் வந்தா அங்க தண்ணி ரொம்ப தூரம் உள்ள போயிடும், வெறும் கல்லுதான் தெரியும், அதனால ஏத்தம் எப்பன்னு கேட்டுட்டு போங்க.

ஒண்ணு சொல்லிடறேன், மாலத்தீவுல பாத்த கலர மனசுல வெச்சுக்கிட்டு போகாதீங்க. 2010ல கடல் சூடாகி இங்க பவளம் நெறைய வெளுத்துப் போச்சு, சில எடத்துல இன்னும் சாம்பல் கலர்தான். ஆனா மீன் இருக்கு. முதலை எச்சரிக்கை போர்டு இருக்கற பக்கம் கால் வெக்காதீங்க. செத்த பவளமா இருந்தாலும் பொறுக்கி பையில போடாதீங்க, ஏர்போர்ட்ல புடுங்கிடுவாங்க, அத எடுக்கவே கூடாது. போர்ட் பிளேர்ல தமிழ் நல்லாவே பேசறாங்க, இட்லி தோசைக்கும் கஷ்டமே இல்ல.

வேளச்சேரி_கணக்கர்:
உங்க மாலத்தீவு பில் ஏன் அப்படி வந்துச்சுன்னா மெனுல வெலைக்கு பக்கத்துல ரெண்டு பிளஸ் குறி போட்டிருப்பாங்க, அதுக்கு அர்த்தம் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், அதுக்கு மேல வரி. 2023ல வரி 16 சதவீதம், 2025 ஜூலைலேர்ந்து 17. இப்ப நூறு டாலருக்கு சாப்பிட்டா கட்டறது கிட்டத்தட்ட 129. அது போக ரிசார்ட்ல ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர் பசுமை வரி.

மாலத்தீவ ஒரேயடியா வெறுத்துடாதீங்க. நாங்க மாஃபுஷில தங்கினோம், ஜனங்க குடியிருக்கற தீவு. மாலேலேர்ந்து ஸ்பீட்போட்ல முக்கா மணி நேரத்துக்குள்ள போயிடலாம், சீப்ளேன் காசு மிச்சம். சாயங்காலம் நடக்க கடை கண்ணி எல்லாம் இருக்கு. தீவுல மது கெடையாது, நீச்சல் டிரஸ்ல குளிக்க தனியா ஒரு பீச் ஒதுக்கியிருக்காங்க, மத்த எடத்துல உடம்ப மூடி இருக்கணும். கூட்டம்தான் ஜாஸ்தி, பீச்சும் சின்னது. ஆனா உங்க ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி ஒத்துவரும்.

திருவான்மியூர்_அம்மா:
கண்ணு, எனக்கும் அவருக்கும் முப்பது வருஷமா இதே பஞ்சாயத்துதான். நாங்க கண்டது, முழு நாளும் ஒட்டிக்கிட்டே இருக்கணும்னு இல்ல. இலங்கைல தெற்குக் கரைல உனவடுனால தங்கினோம், பிப்ரவரில அந்தப் பக்கம் கடல் அமைதி (கிழக்குப் பக்கம் திருகோணமலைக்கு மே லேர்ந்து செப்டம்பர்தான்). காலைல நான் கடல்ல கெடப்பேன், அவரு பஸ் ஏறி பக்கத்துல காலிங்கற ஊர்ல இருக்கற கோட்டைக்குப் போய் தெருத்தெருவா சுத்திட்டு மத்தியானம் வருவாரு, வந்து ஒவ்வொண்ணா கதை சொல்லுவாரு. கொழும்புலேர்ந்து காலிக்கு ரயில் கடலோரமாவே போகும், அதுல ஜன்னலோரம் ஒக்காந்து போனதுதான் எங்க ரெண்டு பேருக்குமே ரொம்ப புடிச்சது. ஹிக்கடுவால ஆமைக்கு தீனி குடுக்க கூப்பிடுவாங்க, செய்யாதீங்க, தள்ளி நின்னு பாத்தா போதும்.

ஆமை பாத்து அழுதேன்னு எழுதியிருந்தியே, பிப்ரவரில நம்ம நீலாங்கரை பெசன்ட் நகர் மணல்லயே பங்குனி ஆமை முட்டை போட வரும் தெரியுமா? மாணவர் அமைப்பு ஒண்ணு 1988லேர்ந்து ராத்திரி நடந்து முட்டைய எடுத்து காப்பாத்துது, சீசன்ல வார கடைசில பொதுமக்களும் கூட நடக்கலாம். ஊருக்கு போற முன்னாடி ஒரு ராத்திரி அவரையும் கூட்டிட்டு போ.

மடிப்பாக்கம்வாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி ரெண்டு பேரும் ஒக்காந்து ஒவ்வொரு பதிலா படிச்சோம். அந்தமான்னே முடிவு பண்ணிட்டோம். அடையார்_டைவர் சார், போர்ட் பிளேர்ல ஒண்ணு, ஹேவ்லாக்ல ரெண்டு, நீல்ல ஒண்ணுன்னு நாலு ராத்திரி சரியா வருமா? ஹேவ்லாக்ல அவரு சாயங்காலம் நடக்க கடைவீதி பக்கமா ரூம் எடுக்கணும்னா எந்த பீச் பக்கம் பாக்கணும்? ஆமை நடைக்கு அவரே வரேன்னு சொல்லிட்டாரு அம்மா, இந்த சனிக்கிழமையே போறோம்.