ஏற்காட்டுப் பனியில் பறை தொய்கிறது, தீ மூட்ட வழியில்லை

வரும் ஞாயிறு மாலை ஏற்காட்டில் எங்க பகுதிக் கலைவிழா. மலையாளிப் பழங்குடி மக்களின் ஆட்டம், தெலுங்குக் கோலாட்டம், தெருக்கூத்து, கடைசியாகப் பறையாட்டம். சிக்கல் பறையில்தான். ஒத்திகையில் பத்தே நிமிஷத்தில் தோல் தொய்ந்து, கணீர்னு கேட்ட அடி தொப்புத் தொப்புன்னு ஆயிடுச்சு.

மொத்தம் 8 பறை. 14 அங்குல வேப்பமரச் சட்டம், கன்றுத்தோல், புளியங்கொட்டைப் பசையில் ஒட்டியது. அதனால் திருகி முறுக்க முடியாது. 5 மணிக்கு மேல் பனி மேடைக்குள்ளேயே வந்துடுது. வைக்கோல் தீயில் காட்டினால் சரியாகும். ஆனால் துணிப்பந்தல், தீ மூட்ட அனுமதி இல்லை.

மதியம் காயவைத்தோம், வெயிலே சரியில்லை. ஹேர் டிரையர் ஒரே இடத்தைச் சுடுது, மற்ற இடம் தளர்வாவே இருக்கு. 500 வாட் ஹாலஜன் விளக்கை ஓரடி தள்ளி வைத்தால் நல்லா ஏறுது, ஆனால் ஒரு பறைக்கு 7 நிமிஷம். எட்டாவது முடியறதுக்குள்ள முதலாவது தொய்ஞ்சுடுது. ஃபைபர் பறை வேண்டாம்; சுண்டுகுச்சி (மெல்லிய நீளக் குச்சி) பட்டால் தகர டப்பா சத்தம்.

8 பறையும் சேர்ந்தாற்போல் சூடேறி, 25 நிமிஷம் சுருதி நிற்க, தீ இல்லாமல் என்ன ஏற்பாடு செய்யலாம்?