1500 வாட் ராடு, க்ளாம்ப் மீட்டரில் 5.3 ஆம்ப்ஸ்தான். டூப்ளிகேட்டா?

வெந்நீர்_வாளி
அவசரம். புது வாட்டர் ஹீட்டர் ராடு, 1500 வாட் என்று அச்சடித்திருக்கிறது. ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்ட் அளக்கும் க்ளாம்ப் மீட்டரில் 5.3 ஆம்ப்ஸ்தான் காட்டுகிறது. 1500ஐ 230ஆல் வகுத்தால் 6.5 வர வேண்டும் அல்லவா? ஒரு வாளி சுட அரை மணி நேரம் ஆகிறது. கடைக்காரர் நாளை வரைதான் திருப்பி எடுப்பார். சீக்கிரம் சொல்லுங்கள்.

மீட்டர்_மாமா
இதற்கெல்லாம் ஓர் இழையா? பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை ஒரு தடவை புரட்டியிருந்தால் போதும். 230 × 5.3 = 1219. ஆயிரத்து இருநூறு வாட் ராடைத் தலையில் கட்டிவிட்டார்கள். திருப்பிக் கொடுங்கள், வேலை முடிந்தது.

ஓம்காரன்
மாமா, 230ஐ யார் அளந்தது? தம்பி, ராடு ஓடும்போது சாக்கெட்டில் எத்தனை வோல்ட்? எக்ஸ்டென்ஷன் உண்டா, எவ்வளவு நீளம்? ராடில் எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கிறது? க்ளாம்பை ஒற்றை ஒயரில் மாட்டினீர்களா?

வெந்நீர்_வாளி
ராடில் 230 வோல்ட் என்றுதான் இருக்கிறது. வீட்டில் வருவதும் 230தானே? முதலில் ஒயரை மொத்தமாகப் பிடித்தேன், 0 காட்டியது. அப்புறம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திறந்து பேஸ் ஒயரை மட்டும் பிரித்து மாட்டினேன். பாத்ரூம் பின்கட்டில் இருப்பதால் 30 மீட்டர் ஒயர் இழுத்திருக்கிறேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பாலிடெக்னிக்_பையன்
பவர் பேக்டரை, அதாவது வோல்ட்டையும் ஆம்ப்ஸையும் பெருக்கி வருவதில் நிஜமாக வாட்டாகும் பங்கை, எல்லாரும் மறந்துவிட்டீர்கள். 0.8ஆல் பெருக்குங்கள். அப்படியானால் ஆயிரம் வாட்கூட வராது.

ஓம்காரன்
அது மோட்டாருக்கு. ராடு வெறும் நிக்ரோம் கம்பிச் சுருள், பவர் பேக்டர் 1. செமஸ்டரில் இப்படி எழுதிவிடாதீர்கள்.

தம்பி, இரண்டு அளவு எடுங்கள். ராடைக் கழற்றி, ஆறவிட்டு, பிளக்கின் இரண்டு முள்ளுக்கும் நடுவே ஓம், அதாவது மின்தடை, பாருங்கள். அதற்கு முன் மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு வருவதைக் கழியுங்கள். அப்புறம் ராடை ஓடவிட்டு, அதே பாக்ஸின் பக்கத்து ஓட்டையில் வோல்டேஜ் பாருங்கள். ஓடும்போது வாளிப் பக்கம் கை போகவே கூடாது.

கரிசல்_காடு
எங்கள் பக்கமும் சாயங்காலமானால் லோ வோல்டேஜ்தான். ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் போடுங்கள். நான் போட்டதிலிருந்து நிம்மதி.

வெந்நீர்_வாளி
35.7 ஓம், முனைகளைத் தொட்டால் 0.4. ராடு ஓடாதபோது 205 வோல்ட், ஓடும்போது 187. மீட்டர் கெட்டுவிட்டதோ?

ஓம்காரன்
மீட்டர் சரி, ராடும் சரி. 230ஐ வர்க்கமாக்கி 1500ஆல் வகுத்தால் 35.27 ஓம். உங்களுக்கு வந்தது 35.3. ராடில் மாறாமல் இருப்பது கிட்டத்தட்ட இந்த ஓம் மட்டும்தான். வாட் வோல்டேஜைப் பொறுத்தது, அதுவும் வர்க்கமாகக் குறையும். 187 வோல்ட்டில் 187 ÷ 35.3 = 5.3 ஆம்ப்ஸ். 187 × 5.3 = 991 வாட். 20 லிட்டரை 20 டிகிரி ஏற்ற 1500 வாட்டில் 19 நிமிடம் போதும், 991இல் 28 நிமிடம். உங்கள் அரை மணி நேரத்துக்குக் கணக்கு வந்துவிட்டதா?

எனக்குப் பயம் வேறு. ராடைப் போட்டதும் 18 வோல்ட் காணாமல் போகிறது. 18 ÷ 5.3 = 3.4 ஓம். 18 × 5.3 = 95 வாட். அவ்வளவு சூடும் வழியில் எங்கோ வீணாகிறது. 0.75 சதுர மி.மீ. செம்பு ஒயர் என்றால் 30 மீட்டருக்குப் போக வர ஒன்றரை ஓம்தான் வரும். மிச்சம் ஏதோ ஒரு ஜாயிண்டில் இருக்கிறது. ஒயரில் ஒட்டு உண்டா? ராடைப் போட வேண்டாம், முதலில் அதைப் பாருங்கள்.

பம்ப்செட்_பாண்டி
வோல்டேஜ் குறைந்தால் ஆம்ப்ஸ் ஏறும் என்பது எங்கள் ஊர் மோட்டார் காயில் எரியும்போதெல்லாம் நான் பார்ப்பது. நீங்கள் தலைகீழாகச் சொல்கிறீர்களே?

ஓம்காரன்
அண்ணே, மோட்டார் சுமையை இழுத்தே ஆக வேண்டும், அதனால் ஆம்ப்ஸ் ஏறும். ராடுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஸ்டெபிலைசர் யோசனையும் இதனால்தான் ஆபத்து. ராடுக்கு 230 கொடுக்க அது இந்த ஒயர் வழியாகவே 8.5 ஆம்ப்ஸ் இழுக்கும். 95 வாட் 250 வாட்டாகிவிடும்.

கரிசல்_காடு
என் வீட்டில் ஒன்றும் ஆகவில்லையே. எல்லாம் பேப்பர் கணக்கு.

மீட்டர்_மாமா
230இல் 6 சதவீதம் கழித்தால் 216. 205 என்பதே அனுமதித்த அளவுக்குக் கீழே. சப்ளையில்தான் கோளாறு என்பதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

பாலிடெக்னிக்_பையன்
ராடு டூப்ளிகேட் என்றல்லவா சொன்னீர்கள் சார்?

மீட்டர்_மாமா
முழுதாகப் படித்துவிட்டுப் பேசு. அந்தக் காலத்தில் 240 வோல்ட் என்பார்கள், தெரியுமா?

பம்ப்செட்_பாண்டி
இப்போதும் எங்கள் எலக்ட்ரீஷியன் 220 என்றுதான் சொல்கிறார். ஆளுக்கு ஒன்று.

வெந்நீர்_வாளி
மாட்டுக்கொட்டகை ஓரம் முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு ஒன்று இருந்தது. டேப் உருகி ஒயரோடு ஒட்டிக்கொண்டு, உள்ளே செம்பு கருத்துவிட்டது. ஒட்டில்லாமல் 2.5 சதுர மி.மீ. ஒயர் இழுத்தாயிற்று. இப்போது 201 வோல்ட், 5.7 ஆம்ப்ஸ். ராடைத் திருப்பவில்லை. நன்றி.

ஓம்காரன்
1146 வாட். சாக்கெட்டையும் 16 ஆம்ப்ஸ் ஆக்கினீர்களா?

கரிசல்_காடு
ஓம்காரன் சார், என் ஸ்டெபிலைசரின் பிளக் லேசாகச் சுடுகிறது. அது சகஜம்தானே?