பெல்லட் கிரில்: நம் கரையில் எது தாங்குகிறது? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

பாம்பன்வாடை:

வீட்டுப் பின்பக்கத்தில் பெல்லட் கிரில், அதாவது மரத்தூள் குச்சிகளைக் கரண்டில் தானே தள்ளி எரிக்கிற அடுப்பு, வைத்திருக்கிற நம் பக்கத்து ஆட்கள் எல்லாரும் எழுதுங்கள். எது பிடித்தது, எதனால் பிடித்தது என்று. எனக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதமாகியும் மனசை விட்டுப் போகவில்லை.

கிரில், ஹூஸ்டனில் இருக்கும் மச்சான் ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமான்களோடு கன்டெய்னரில் போட்டு அனுப்பியது. 120 வோல்ட். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் ஓட்டினேன். அன்றைக்கு மூன்று கிலோ பாறை மீன். முழு மீன், வயிற்றில் பூண்டும் கறிவேப்பிலையும் அடைத்து 107 டிகிரியில் வைத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கரண்டு போனது. ஃபேன் நின்றது, பெல்லட்டைத் தள்ளுகிற திருகும் நின்றது. திறந்தால் சூடு போய்விடும் என்று மூடியை நான் தொடவில்லை. இருபது நிமிடத்தில் கரண்டு வந்தது. பட்டனை அழுத்தினேன்.

வெள்ளைப் புகை. புகைபோக்கியில் மட்டுமில்லை, மூடியின் நாலு ஓரத்திலும் பிதுங்கிக்கொண்டு வந்தது. "என்னடா இப்படிப் புகையுது" என்று அம்மா எவர்சில்வர் தட்டோடு கிட்டே வந்தார்கள். 'தும்' என்று ஒரு சத்தம். அவ்வளவு கனமான மூடி ஒரு சாண் எழும்பி மறுபடி விழுந்தது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கையிலிருந்து விழுந்த அந்தத் தட்டு சிமெண்டுத் தரையில் சுற்றிச் சுற்றி அடங்கியதே, அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

காரணம் பிறகுதான் புரிந்தது. கரண்டு போனாலும், பெல்லட் எரிகிற கிண்ணமான ஃபயர்பாட்டில் கங்கு அணையாமல் கிடந்திருக்கிறது. நான் மறுபடி ஸ்டார்ட் பண்ணியதும் மெஷின் முதல் தடவை பற்றவைப்பதாக நினைத்து, கிடந்த பெல்லட் மேலேயே புதுப் பெல்லட்டைக் கொட்டிவிட்டது. எரியாத புகை உள்ளே நிறைந்து மொத்தமாகப் பிடித்துக்கொண்டது.

அம்மா அதற்கப்புறம் கிரில் பக்கமே வருவதில்லை. வேறு கிரில் வாங்கலாமா, இதையே வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

கீழக்கரை லாத்தா:

தம்பி, அல்லாஹ் காப்பாற்றினான். உம்மாவை நல்லாப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது துபாயிலிருந்து கார்கோவில் வந்தது. அங்கே விற்பது நம் ஊர் 230 வோல்ட்டிலேயே ஓடும், டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். எனக்கு வந்த கஷ்டம் கரண்டால் இல்லை, ஈரத்தால்.

என் மகளுக்குப் பேசி முடித்து மாப்பிள்ளை வீட்டார் முதல் முறையாகச் சாப்பிட வருகிறார்கள். கார்த்திகை மாதம், வாடை அடிக்கிறது, மூன்று நாளாகத் தூறல். முந்தின வாரம் சமைத்து மிச்சமான பெல்லட்டை, அதைக் கொட்டி வைக்கிற ஹாப்பர் பெட்டியிலேயே விட்டிருந்தேன். காலையில் எட்டுக் கோழியை மசாலா தடவி வைத்துவிட்டு ஆன் பண்ணினால் திருகு 'க்ரீச்' என்று ஒரு தடவை முனகி நின்றுவிட்டது. ஹாப்பர் மூடியைத் திறந்து கையை விட்டேன். பெல்லட்டே இல்லை. ஆவியில் வைக்கிறதுக்குப் பிசைந்த புட்டு மாவு மாதிரி உதிரியாக இருந்தது. கீழே போகப்போக இறுகி, திருகைச் சுற்றி சிமெண்டு மாதிரி ஒட்டியிருந்தது. நானும் என் மச்சியும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் குத்தி எடுத்தோம். கோழி எல்லாம் கடைசியில் சட்டிக்குத்தான் போனது. வந்தவர்கள் நன்றாகத்தான் சாப்பிட்டார்கள். ஆனாலும் மரத்தூள் அப்பிய அந்தக் கையோடு நான் வாசலுக்குப் போய் ஸலாம் சொன்னது இன்றைக்கும் உறுத்துகிறது.

மரத்தூளை அழுத்திச் செய்ததுதானே பெல்லட். மரத்தில் இருக்கிற லிக்னின்தான் பசை. தண்ணீர் பட்டால் அது விட்டுவிடும். இப்போது ஒவ்வொரு தடவையும் இரண்டு பெல்லட்டை விரலில் ஒடித்துப் பார்க்கிறேன். 'டக்' என்று சத்தம் கேட்டால் நல்லது. சத்தமில்லாமல் நசுங்கினால் தூரப் போட்டுவிடுவேன். 9 கிலோப் பையைப் பிரித்ததும் ரப்பர் வளையம் வைத்த மூடி டிரம்முக்கு மாற்றிவிடுகிறேன். எனக்குப் பிடித்தது ஹாப்பருக்கு அடியில் கதவு இருக்கிற கிரில்தான். சமைத்து முடித்ததும் அதைத் திறந்தால் மிச்சம் எல்லாம் வாளியில் கொட்டிவிடும். அது இல்லாததை யாரும் வாங்காதீர்கள்.

மூட்டக்காரர் மகன், சாயல்குடி:

பாம்பன் தம்பிக்கு முதலில். தப்பு கரண்டிலும் இல்லை, கிரில்லிலும் இல்லை. கங்கு கிடக்கிற அடுப்பில் மேலே மேலே விறகு போட்டால் எந்த அடுப்பும் இதைத்தான் செய்யும். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, ஃபயர்பாட்டைச் சுரண்டிச் சாம்பலை எடுத்துவிட்டுத்தான் மறுபடி பற்றவைக்க வேண்டும். உங்கள் மாடலுக்குக் கையேட்டில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணச் சொல்லியிருந்தால் அப்படியே செய்யுங்கள்.

என் கதை சின்னது. எங்கள் அப்பா ஐம்பது வருஷம் கரிமூட்டம் போட்டவர், விறகை அடுக்கி மண்ணால் மூடி எரித்துக் கரியாக்குகிற வேலை. உச்சிப்புளியில் சொந்தக்காரர் வீட்டில் பெல்லட் கிரில் வாங்கியிருக்கிறார்கள் என்று அவரைக் கூட்டிப் போனேன். உள்ளே நாலு விளமீன். அப்பா புகைபோக்கிக்குப் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். "எரியுதா, எரியலையா?" என்றார். "எரியுதுப்பா, 110 டிகிரி காட்டுது" என்றேன். உள்ளங்கையைப் புகைபோக்கிக்கு மேலே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "நீலம். அதுவும் இருக்கா இல்லையான்னு இருக்கு" என்றார். மூட்டத்தில் முதலில் வெள்ளைப் புகை, அது ஈரம் போகிறது. அப்புறம் மஞ்சள். கடைசியில் மெல்லிசாக நீலம் வந்தால் கரி ஆகிவிட்டது, துளைகளை அடைக்கலாம். அந்தக் கண்ணோடுதான் அவர் பார்த்தார். மீனைப் பிட்டு வாயில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நல்லா வெந்திருக்கு. புகை போட்ட மீன் இல்ல." அதை வீட்டுக்காரர்கள் காதில் விழாமல் என்னிடம் மட்டும் சொன்னார். எனக்குத்தான் ஆறவில்லை.

அவர் சொன்னது சரி. இந்த மெஷின் மிகச் சுத்தமாக எரிகிறது, அதனால் புகை குறைவு. அதற்குத்தான் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அமெரிக்காவில் மெஸ்கீட், மெஸ்கீட் என்று விற்கிறார்களே, அது நம் சீமைக் கருவைக்குப் பங்காளி. அந்த மரத்தை எரித்துக் கரியாக்கி ஊர் ஊராக அனுப்புகிற மாவட்டம் நம்முடையது. பெரிய எழுத்தில் மெஸ்கீட் என்று போட்ட பல பைகளில் அடிப்படை மரம் ஓக் அல்லது ஆல்டர்தான், பேருக்குரிய மரம் கொஞ்சம் கலந்திருக்கும். அதைக் கடல் தாண்டி வரவழைப்பதை விட இப்படிச் செய்யுங்கள். பட்டை உரித்த கருவைக் கட்டையை வெயிலில் இரண்டு மாதம் காயப்போட்டு, சுண்டுவிரல் பருமனில் சிராய் எடுங்கள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகமான நீளத்தில் எவர்சில்வர் குழாய், சுற்றிலும் ஓட்டை போட்டது, பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள். சிராயை அதில் அடைத்து ஒரு முனையில் பற்றவைத்து, தீ அணைந்து கங்கு மட்டும் நிற்கும்போது மீனுக்குப் பக்கத்தில் வையுங்கள். மீனுக்கு அரைக் குழாய் போதும், கருவைப் புகை காட்டமானது, கூடினால் கசக்கும். கெட்டி வெள்ளைப் புகையாக வந்தால் மீனை வெளியே எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. பாய்லருக்கு விற்கிற பெல்லட்டை விலை குறைவு என்று வாங்கி இதில் போடாதீர்கள். கடலைத் தோல் இருக்கலாம், பிளைவுட் தூள் இருக்கலாம், அதில் பசை இருக்கும். சாப்பாட்டுக்கு ஆகாது.

கீழக்கரை லாத்தா, ஹாப்பர் கதவு நல்லதுதான். ஆனால் அதற்காகவே ஒரு கிரில்லைத் தேர்ந்தெடுப்பது சரியில்லை. கையால் அள்ளினால் போகிறது.

கீழக்கரை லாத்தா:

காக்கா, இரவு பதினோரு மணிக்கு எல்லாப் பாத்திரமும் கழுவி முடித்துவிட்டு நீங்கள் அள்ளிப் பாருங்கள், அப்புறம் பேசலாம். கருவைச் சிராய் யோசனை நல்லது, வரும் வெள்ளிக்கிழமை செய்து பார்க்கிறேன்.

பாம்பன்வாடை:

அண்ணே, நீங்கள் சொன்ன முறை இப்போது எனக்கும் தெரியும். அன்றைக்குத் தெரியாது. அந்தத் தட்டு அம்மா கையில் இருந்தது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

மண்டபம் வயர்மேன்:

தம்பி, மனசை விடாதீர்கள். நான் பல வீடுகளில் இதற்கு வயரிங் போட்டிருக்கிறேன். வேதாளைப் பக்கம் ஒரு வீட்டில், சாயங்காலம் ஏழு மணி, பற்றவில்லை என்று கூப்பிட்டார்கள். உள்தட்டை எல்லாம் கழற்றி, டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் ஃபயர்பாட்டையே பார்த்துக்கொண்டு இருந்தேன். பற்றவைக்கிற கம்பி சிவக்கவே இல்லை, சாம்பல் நிறத்திலேயே இருந்தது. மீட்டர் வைத்தால், 230 இருக்க வேண்டிய இடத்தில் 170 வோல்ட்தான். அந்த வீட்டுக்காரர் அதற்குள் புதுக் கம்பி இரண்டு தடவை வாங்கி மாற்றியிருந்தார், பாவம். முன்னாடியே என்னைக் கேட்டிருக்கலாம் என்று எனக்கு வருத்தம்.

இனி நான் சொல்வதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. அமெரிக்காவில் 60, நமக்கு 50. திருகை ஓட்டுவது ஏசி மோட்டார் என்றால் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், பெல்லட் குறைவாக விழும். சூட்டைப் பார்த்துத் தானே கூட்டிக் குறைக்கிற கன்ட்ரோலர் இதை ஓரளவு சமாளிக்கும். இத்தனை விநாடிக்கு ஒரு தடவை தள்ளு என்று கணக்கு வைத்து ஓடுகிற பழைய வகை சமாளிக்காது, தீ அடிக்கடி அணையும். டிசி மோட்டார் வைத்தது என்றால் இந்தத் தொந்தரவு கிடையாது. 1986-ல் அமெரிக்காவின் ஓரிகானில் ஜோ டிரேகர் என்பவர் பெல்லட் கிரில்லுக்குக் காப்புரிமை வாங்கினார். 2006-ல் அது முடிந்ததும் ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள், உள்ளே இருப்பதும் ஆளுக்கொரு விதம். அதனால் பேரைப் பார்க்காமல் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று அச்சடித்திருக்க வேண்டும்.

கரண்டு போவதற்கு மருந்து இன்வெர்ட்டர். பற்றவைக்கிற நேரத்தில்தான் 200, 300 வாட் இழுக்கும். பற்றிய பிறகு ஃபேனும் திருகும் மட்டும்தான், ஒரு டியூப்லைட் அளவுக்கு இருக்கும். ஆனால் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும், ஸ்கொயர் வேவில் மோட்டார் முனகும், சூடாகும். பின்னால் சுவிட்ச் இருந்தால் யுபிஎஸ் மோடில் வையுங்கள். இல்லாவிட்டால் கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாறுகிற அந்தக் கண்ணிமைக்கிற நேரத்தில் கன்ட்ரோலர் அணைந்து எழும், பழைய கதைதான். எர்த் கட்டாயம். வெளியில் வைக்கிற சாமான், மழை ஈரம், வெறும் கால். விளையாடாதீர்கள்.

தங்கச்சிமடம் அக்கா:

எல்லாரும் கரண்டு, பெல்லட் என்றே பேசுகிறீர்கள். கடல் காற்றை யாரும் சொல்லவில்லையே.

எங்கள் வீட்டிலிருந்து கரைக்கு நூறு அடி இருக்கும். பெயிண்ட் அடித்த இரும்பு கிரில், பார்க்க அவ்வளவு அழகு, உறையும் போட்டுத்தான் வைத்திருந்தோம். ஒரு கச்சான் காற்றுக் காலம் முடிந்தது. சின்னவளுடைய புதுநன்மை அன்று பங்குச் சாமியார் உட்பட முப்பது பேர். கணவாய் உள்ளே. மூடியைத் தூக்குகிறேன், இடதுபக்கக் கீல் பொறைப் பிஸ்கட் மாதிரி உதிர்ந்து மூடி சாய்ந்துவிட்டது. உள்ளே பார்த்தால் வெள்ளைக் கணவாய் மேல் செம்மண் தூவின மாதிரி துரு. நாலு கிலோ. வெள்ளை உடுப்பும் கையில் மெழுகுதிரியுமாக அவள் பக்கத்தில் நின்று, "அம்மா, அது போச்சா?" என்று கேட்டாள்.

ஈரத்தைத் தடுக்க நாங்கள் போட்ட உறையே ஈரத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கிறது. இப்போது எனக்குப் பிடித்தது சின்ன கிரில், இரண்டு பேர் தூக்கி உள்ளே வைக்கிற மாதிரி. வாங்கப் போகும்போது காந்தம் எடுத்துப் போனேன். 304 எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது, மலிவான 430-ல் ஒட்டும், கடல் காற்றுக்கு அது சீக்கிரம் துருப்பிடிக்கும். பலகை மட்டும் பார்த்தால் போதாது, கீலிலும் திருகாணியிலும் வைத்துப் பாருங்கள். சமைத்து ஆறியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைப்பேன்.

மூட்டக்காரர் மகன், சாயல்குடி:

அக்கா சொன்னது பெரிய விஷயம். எங்கள் ஊர் கொஞ்சம் உள்ளே தள்ளி, அதனால் எனக்குத் தோன்றவில்லை.

பாம்பன்வாடை:

மீன்பிடித் தடைக்காலம் முடிகிற வரை காத்திருக்கவில்லை. நேற்று நாட்டுப்படகில் வந்த விளமீன் இரண்டு கிடைத்தது, ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ. பழைய கிரில்தான். வயர்மேன் அண்ணன் சொன்னபடி பார்த்தேன், தகட்டில் 120 வோல்ட்தான், ஆனால் திருகை ஓட்டுவது டிசி மோட்டார், அதனால் விற்காமல் டிரான்ஸ்ஃபார்மரோடே ஓட்டுகிறேன். வீட்டு இன்வெர்ட்டர் சைன் வேவ்தான், அதிலிருந்து தனி லைன் இழுத்து எர்த்தும் போட்டேன். கருவைச் சிராய் அரைக் குழாய். கீல்களில் காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டுகிறது. எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன், பார்ப்போம்.

ஏழேகாலுக்குக் கரண்டு போனது. தெரு முழுக்க இருட்டு. ஃபேன் சத்தம் மட்டும் நிற்கவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். மீனுக்குள்ளே குத்திய சூடு பார்க்கிற கம்பி 63 டிகிரி காட்டியபோது, "கரண்டு போயிருச்சேடா, அது இன்னும் ஓடுது?" என்று அம்மா குரல் கேட்டது. திரும்பினால் பின்வாசல் படியில் நிற்கிறார்கள். கீழே இறங்கவில்லை. தட்டை நீட்டி, "வந்து வாங்கிக்க" என்றார்கள்.