கிரே கிளி குச்சியிலிருந்து விழுந்து நடுங்குகிறது, உடனே உதவி வேண்டும்

சாட்ஸ்வர்த், டர்பன்:
வணக்கம். எங்கள் வீட்டு ஆப்பிரிக்கன் கிரே கிளி ராணிக்கு 6 வயது. இன்று காலை திடீரென்று குச்சியிலிருந்து விழுந்து, கழுத்தை வளைத்து, இறக்கையை அடித்துக்கொண்டு நடுங்கினாள். சற்று நேரத்தில் அடங்கிவிட்டது, ஆனால் இப்போதும் கால் பிடி இல்லாமல் தள்ளாடுகிறாள். சாப்பாடு சூரியகாந்தி விதையும் வேர்க்கடலையும்தான். காய், பழம் வைத்தால் தூக்கி எறிவாள். முன்பு கூண்டு பின்வாசலில் இருந்தது. குரங்குகள் வந்து கம்பியைப் பிடித்து உலுக்கியதால் உள்ளே சன்னல் ஓரம் மாற்றிவிட்டோம். அங்கே வெயில் நன்றாக விழும். அம்மா சாப்பிடாமல் கூண்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

பீனிக்ஸ், கிரே வளர்ப்பவர்:
தம்பி, இன்றே பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். நாய், பூனை மட்டும் பார்ப்பவர் என்றால், பறவைக்கு யாரிடம் போகலாம் என்று அவரிடமே கேளுங்கள். போகும்வரை குச்சிகளை எடுத்துவிட்டு அடியில் துண்டு விரியுங்கள், வெளிச்சத்தைக் குறைத்துக் கதகதப்பாக வையுங்கள். அலகில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், புரையேறிவிடும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ரத்தத்தில் கால்சியம் குறைந்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. கிரே கிளிகளுக்கு இது அடிக்கடி வரும். சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம், கால்சியம் மிகக் குறைவு. உள்ளே போகும் கொஞ்ச கால்சியமும் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும். அதைத் தோல் உண்டாக்க வெயிலின் யூவிபி கதிர் வேண்டும். சன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் விடும், யூவிபியை ஏறக்குறைய முழுதும் தடுத்துவிடும். அதனால் உங்கள் சன்னல் வெயில் அவளுக்குப் போதவில்லை.

ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். நீங்களாகவே டி3 சொட்டு மருந்து கொடுக்காதீர்கள், அளவு மிஞ்சினால் சிறுநீரகம் கெடும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
அண்ணன் சொன்னதோடு, கூண்டுக் கம்பி கால்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) போட்டதா என்றும் பாருங்கள். அதைக் கொறித்தால் துத்தநாகம் உடம்பில் ஏறி இதே மாதிரி வலிப்பு வரும். ஈயமும் அப்படித்தான். டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த், டர்பன்:
போய்விட்டு வந்தோம். கால்சியம் மிகக் குறைவு என்று ரத்தத்தில் தெரிந்தது, ஊசி போட்டார்கள். இப்போது குச்சியைப் பிடித்து நிற்கிறாள்! கம்பியில் பிரச்சினை இல்லை. பெல்லட் தீனிக்கு (சத்துகளைக் கலந்து சிறு உருண்டையாகச் செய்த பறவைத் தீனி) மாற்றச் சொல்கிறார்கள். இவள் தொடவே மாட்டாளே அண்ணா?

பீனிக்ஸ், கிரே வளர்ப்பவர்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. விதையை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், பட்டினி கிடப்பாள். பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தினமும் காலையில் தீனிக்கு முன் சமையலறைத் தராசில் எடை பாருங்கள். கிரே பொதுவாக 400 முதல் 500 கிராம் இருக்கும். எடை இறங்கிக்கொண்டே போனால் டாக்டரைக் கூப்பிடுங்கள். பூசணி, காரட், புரோக்கோலி, முருங்கைக்கீரை எல்லாம் அவள் முன்னால் நீங்கள் சாப்பிட்டுக் காட்டுங்கள், பெரும்பாலும் அப்படித்தான் பழகும். அவகாடோ மட்டும் வேண்டவே வேண்டாம், கிளிக்கு அது விஷம்.

டோங்காட், அக்கா:
புரட்டாசியில் சாம்பிராணி போடும்போது கூண்டை வேறு அறைக்கு மாற்றுங்கள் தம்பி, கிளிக்குப் புகை ஆகாது. நான்ஸ்டிக் சட்டி அதிகமாகச் சூடேறினால் வரும் ஆவி இன்னும் மோசம், நிமிடங்களில் உயிரை எடுத்துவிடும்.

சாட்ஸ்வர்த், டர்பன்:
சரி அக்கா, நன்றி. குரங்கு இருப்பதால் வெளியே தனியாக விட முடியாது. யூவிபி விளக்கு வாங்கலாமா?

பீனிக்ஸ், கிரே வளர்ப்பவர்:
வாங்கலாம். பறவைக்கென்று செய்ததாக இருக்கட்டும், தூரத்தை அட்டையில் போட்டிருக்கும்படி வையுங்கள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் யூவிபி குறைந்துகொண்டே வரும், அதனால் அட்டையில் சொன்ன காலத்தில் மாற்றிவிடுங்கள். அதுவரை காலை வெயிலில் கூண்டோடு வெளியே வைத்து, பாதி நிழல் இருக்கும்படி பார்த்து, பக்கத்திலேயே உட்காருங்கள்.