புதுப்பிப்பு: சங்கத்தானை விபத்தும் 1990 இலக்கமும்

2016 டிசம்பரில் இலங்கையின் யாழ்ப்பாண மாவட்டத்தில், சாவகச்சேரி சங்கத்தானையில் பஸ்ஸும் வானும் மோதிக் குறைந்தது 10 பேர் இறந்ததைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். “இப்படி நடந்தால் யாரை அழைப்பது, அக்கா?” என்று ஒரு தம்பி கேட்டிருந்தார்.

1990 என்ற இலக்கத்தை அழையுங்கள், அது இலவச அம்புலன்ஸ் சேவை. விபத்து நடந்த அன்று அந்தச் சேவை வடக்கில் இல்லை. 2018இல்தான் யாழ்ப்பாணம் வந்தது. நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதைக்கிறது.

அழைக்கும்போது இடத்தை ஏ9 வீதி என்று மட்டும் சொன்னால் போதாது, அது யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிவரை நீள்கிறது. கிலோமீற்றர் கல், சந்தி, கோயில் எதையாவது சேர்த்துச் சொல்லுங்கள். காயப்பட்டவரை அவசரப்பட்டு முச்சக்கரவண்டிக்குள் மடக்கி ஏற்றாதீர்கள், முள்ளந்தண்டில் அடிபட்டிருக்கலாம். இரத்தம் பாய்ந்தால் சுத்தமான துணியால் இறுக அழுத்திப் பிடியுங்கள். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு நிற்பவர்களை, தயவுசெய்து, வருகிற வாகனங்களை மறிக்க அனுப்புங்கள்.